இயங்குதளத்தை எதைக் கொண்டு நம்புவது? திறந்த மூலமும் மூடிய மூலமும்

கேள்வி இதுதான். லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளத்தின் மூலநிரலை, அதாவது அதை உருவாக்கியவர்கள் எழுதிய நிரல் வரிகளை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். விண்டோஸின் மூலநிரலை மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பவர்கள் மட்டுமே பார்க்க முடியும். பொதுமக்களின் நிலப் பதிவுகளும் மருத்துவக் குறிப்புகளும் வரிக் கணக்குகளும் இருக்கும் அரசுக் கணினிகளுக்கு இவற்றில் எது நம்பிக்கைக்கு உரியது? கேட்டவர் இரண்டு ஐயங்களையும் சேர்த்திருக்கிறார். நிரல் எல்லோர் கண்ணிலும் பட்டால் திருடன் கண்ணிலும் படாதா என்பது ஒன்று. 2024-இல் லினக்ஸ் கணினிகளுக்குள் நுழையப் பின்கதவு வைக்கப்பட்டதாக வந்த செய்திக்குப் பிறகும் திறந்த மூலம் பாதுகாப்பானது என்று எப்படிச் சொல்வது என்பது மற்றொன்று.

சர்வர் நிர்வாகத்தைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுப் பணத்தில் வாங்கப்பட்டு, பொதுமக்களின் தரவை வைத்திருக்கும் கணினிகளில் திறந்த மூல இயங்குதளமே இருக்க வேண்டும். திறந்த மூலத்தில் பிழை வராது என்று நான் சொல்லவில்லை. ஐயம் எழுந்தால் சரிபார்க்க அதில் வழி இருக்கிறது. சரிபார்த்ததை யாரிடமும் அனுமதி கேட்காமல் வெளியே சொல்லவும் வழி இருக்கிறது. இந்த இரண்டுக்காகத்தான் அதைக் கேட்கிறேன். அந்த வழியில் ஒருவரும் நடக்காத இடத்தில், திறந்த மூலத்தின் மீது வைக்கும் நம்பிக்கையும் கண்மூடித்தனமானதே.

சரிபார்ப்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு 2003 நவம்பரில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அப்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரல் பிட்கீப்பர் என்ற மென்பொருளில் பராமரிக்கப்பட்டு வந்தது. அதைப் பயன்படுத்த விரும்பாதவர்களுக்காகச் சிவிஎஸ் என்ற வேறொரு முறையில் ஒரு நகலும் வைத்திருந்தார்கள். அந்த நகல் இருந்த சர்வருக்குள் யாரோ புகுந்து இரண்டே வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். ஏதேனும் ஒரு நிரலிடமிருந்து கெர்னலுக்குக் குறிப்பிட்ட இரண்டு தேர்வுகளோடு ஓர் அழைப்பு வந்து, அழைத்தவரின் பயனர் எண் 0 ஆகவும் இருந்தால் பிழை என்று திருப்பி அனுப்பு என்பது போல அந்த வரிகள் தோற்றமளித்தன. கெர்னல் எழுதப்பட்ட சி மொழியில் இரண்டு மதிப்புகள் சமமா என்று கேட்க இரட்டைச் சமக்குறி போட வேண்டும். அங்கே இருந்தது ஒற்றைச் சமக்குறி. அது கேள்வி கேட்காது. இடப்பக்கம் இருப்பதன் மதிப்பை மாற்றி எழுதிவிடும். பயனர் எண் 0 என்றால் ரூட், அதாவது அந்தக் கணினியில் எதையும் செய்யும் அதிகாரம் படைத்தவர். ஆக, அந்த அழைப்பை அந்த விதத்தில் அனுப்பத் தெரிந்த எந்தச் சாதாரணப் பயனரும் கண் இமைக்கும் நேரத்தில் ரூட் ஆகிவிடலாம். நகலில் இருக்கும் இந்த மாற்றத்துக்கு மூலக் களஞ்சியத்தில் உரிய பதிவு இல்லையே என்பதைப் பிட்கீப்பரின் லாரி மெக்வாய் கவனித்து வெளியே சொன்னார். கெர்னல் எழுதுபவர்கள் வரியைப் படித்து அதன் உள்நோக்கத்தைக் கண்டுகொண்டார்கள். அது எந்த வெளியீட்டிலும் சேரவில்லை. ஒரு சமக்குறி குறைந்திருப்பதைப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம், ஒரே நிரலின் பல நகல்கள் பலர் கையில் இருந்ததும், அவற்றை ஒப்பிட யாருக்கும் தடை இல்லாததும்தான்.

திருடனுக்கும் தெரியுமே என்ற ஐயத்துக்கு வருகிறேன். நிரலை மறைத்து வைப்பது திருடனை அதிகம் தடுப்பதில்லை. மூலநிரலிலிருந்து உருவாகி இயந்திர மொழியில் ஓடுகிற இருமக் கோப்பைப் பிரித்துப் படிக்கும் கருவிகள் இருக்கின்றன. தாறுமாறான உள்ளீடுகளைக் கோடிக்கணக்கில் அனுப்பி நிரல் எங்கே சறுக்குகிறது என்று பார்க்கும் முறை இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் வரும் பேட்சை, அதாவது ஓட்டைகளைத் திருத்தும் அப்டேட்டை, முந்தைய பதிப்போடு ஒப்பிட்டு, திருத்தப்பட்ட ஓட்டை எது என்று கண்டுபிடிக்கும் பழக்கமும் இருக்கிறது. விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த ஓட்டை ஒன்றை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை அறிந்து, மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல் தன் பயன்பாட்டுக்கு வைத்திருந்தது. அதைப் பயன்படுத்தும் கருவி களவு போன பிறகே 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது. ஏப்ரலில் கருவி இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று வான்னகிரை என்ற பிணைத்தொகை மென்பொருள் அதைப் பயன்படுத்திச் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. மூடிய மூலம் அங்கே ஓட்டையை மறைத்தது உண்மை. பாதிக்கப்படப் போகிறவர்களிடமிருந்து மறைத்ததே தவிர, ஆயுதமாக்கியவர்களிடமிருந்து மறைக்கவில்லை.

இனி திறந்த மூலத்தின் பக்கம் உள்ள குறை. யாரும் பார்க்கலாம் என்பதும் யாரோ பார்த்தார்கள் என்பதும் வேறு வேறு. லினக்ஸைத் தேவையான மென்பொருள்களோடு தொகுத்துத் தருவதை வழங்கல் என்பார்கள். 2006-இல் டெபியன் என்ற வழங்கலில், ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறது என்பதற்காக, தகவல் பரிமாற்றத்தைக் குறியாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் ஒரு பகுதியை நீக்கினார்கள். குறியாக்கத் திறவுகோல்களை உருவாக்கத் தேவையான சீரற்ற எண்கள் அந்தப் பகுதியின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. அது போன பிறகு எஞ்சியது, ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கணினி தரும் செயல் எண் மட்டுமே. ஒவ்வொரு வகைத் திறவுகோலுக்கும் 32,768 சாத்தியங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு சாதாரணக் கணினி அத்தனையையும் எளிதில் முயன்று பார்த்துவிடும். இது 2008 மே மாதம் வரை, டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும், எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது. 2014-இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டையும் அதே ஓபன்எஸ்எஸ்எல்லில் இரண்டு ஆண்டுகள் இருந்தது. உலகின் வங்கிகளும் வணிகத் தளங்களும் நம்பியிருந்த அந்த நிரலுக்கு அதற்கு முன் ஆண்டுக்குக் கிடைத்து வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். இலவசமாக எடுத்துப் பயன்படுத்திய பெருநிறுவனங்களும் அரசுகளும் அதைப் படித்துப் பார்க்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. இந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2024-இல் நடந்தது இந்தப் புறக்கணிப்பின் நேரடி விளைவு. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு நூலகம். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் வழங்கல்களிலும் உண்டு. பல ஆண்டுகளாக ஒரே ஒருவர், ஊதியம் இல்லாமல், ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல திருத்தங்களையே அனுப்பினார். அடுத்த ஆண்டு, அதுவரை கேள்விப்படாத பெயர்களில் சிலர் தோன்றி, வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள் என்று பராமரிப்பாளரை நெருக்கினார்கள். களைத்திருந்த மனிதர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பிலும் அடுத்து வந்த 5.6.1 பதிப்பிலும் பின்கதவு இருந்தது. எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய எங்களைப் போன்றவர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் வாயில். அந்த நிரலுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடி உறவே கிடையாது. ஆனால் சில வழங்கல்கள், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற நிரலோடு பேசுவதற்காக எஸ்எஸ்எச்சில் ஒரு மாற்றம் செய்திருந்தன. அந்த மாற்றத்தின் வால் பிடித்து எக்ஸ்இசட் நூலகம் உள்ளே வந்து உட்கார்ந்தது. உரிய ரகசியத் திறவுகோல் வைத்திருப்பவர், கடவுச்சொல் எதுவும் இல்லாமல் அந்தச் சர்வரில் கட்டளை இட முடியும்.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். அவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர்; மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர். டெபியனின் ‘சிட்’ என்ற வளர்நிலைப் பதிப்பில் வேகம் அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் வழியாக நுழைய 0.299 நொடி ஆக வேண்டிய இடத்தில் 0.807 நொடி ஆவதைக் கண்டார். வேறொருவர் இந்த அரை நொடியைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். அவர் விடாமல் பின்தொடர்ந்து, நேரம் எந்த நூலகத்தில் கரைகிறது என்று பார்த்து, அந்த நூலகத்தின் வெளியீட்டுத் தொகுப்பைப் பிரித்து, அதிலிருந்த சோதனைக் கோப்புகளுக்குள் நிரல் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு, மார்ச் 29 அன்று பகிரங்கமாக எழுதினார். பெரிய வழங்கல்களின் நிலையான பதிப்புகளுக்குள் அது போவதற்கு முன்பே தடுக்கப்பட்டது.

இந்த நிகழ்வைக் காட்டித் திறந்த மூலம் தோற்றது என்பவர்களும் உண்டு, வென்றது என்பவர்களும் உண்டு. நான் இதில் பார்ப்பது வேறு. ஒரு தனி மனிதர், நிரலை எழுதியவரிடம் கேட்காமல், தன் மேசையில் உட்கார்ந்தபடி அடிவரை தோண்ட முடிந்தது. இந்த அளவு எளிதாக மூடிய இயங்குதளத்தில் அது நடந்திருக்காது. அதே சமயம், பின்கதவை உயிர்ப்பிக்கும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகத் தயாரிக்கப்பட்ட தொகுப்பில் மட்டுமே இருந்தன. களஞ்சியத்தை ஆயிரம் பேர் வரி வரியாகப் படித்திருந்தாலும் அந்த வரிகளைப் பார்த்திருக்க முடியாது. படிக்கிற நிரல் ஒன்று, ஓடுகிற நிரல் இன்னொன்று என்ற இந்த இடைவெளிதான் முழு விவாதத்தின் மையம். பொதுவெளியில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றபோது ஆற்றி 1984-இல் வெளியான உரையில் இதைத்தான் காட்டினார். மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரிலேயே தந்திரம் செய்யலாம்: உள்நுழைவு நிரலைக் கண்டால் பின்கதவைச் சேர், கம்பைலரின் மூலநிரலையே கண்டால் இந்தத் தந்திரத்தை மறுபடி சேர். அதன் பிறகு எந்த மூலநிரலிலும் தடயம் இருக்காது. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட, சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின் மீதான தாக்குதல் இதன் நெருங்கிய உறவு. அந்த நிறுவனத்தின் தயாரிப்புச் சர்வரில் நுழைந்தவர்கள், நிரல் உருவாகும் கணத்தில் ஒரு கோப்பை மாற்றிவிட்டு, முடிந்ததும் பழைய கோப்பையே திரும்ப வைத்தார்கள். நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு அந்த அப்டேட் 18,000 வரையிலான வாடிக்கையாளர்களுக்குப் போய், மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. மூடிய மென்பொருளில் வாங்கியவர் கையில் இருப்பது கையொப்பம் ஒன்றுதான். அந்தக் கையொப்பம் அங்கே உண்மையானதாகவே இருந்தது.

இந்த இடைவெளியை அடைக்க வழி இருக்கிறது. ஒரே மூலநிரலை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு கணினிகளில் உருவாக்கினாலும் பிட் பிசகாமல் ஒரே இருமக் கோப்பு கிடைக்க வேண்டும் என்று டெபியன் குழுவினர் 2013 முதல் உழைத்து வருகிறார்கள். கேட்க எளிது. கோப்பில் பதியும் தேதி, கோப்புகள் வரிசைப்படும் முறை, கணினியின் பெயர் என்று ஒவ்வொன்றாகத் தேடி நீக்க வேண்டியிருந்தது. இது கைகூடும் தொகுப்புகளில், டெபியன் தரும் கோப்பு உண்மையிலேயே அந்த மூலநிரலிலிருந்து வந்ததா என்று சென்னையில் இருப்பவரும் பெர்லினில் இருப்பவரும் தனித்தனியே உருவாக்கி ஒப்பிடலாம். தாம்ப்சனின் சிக்கலுக்கும் இருவேறு கம்பைலர்களைக் கொண்டு ஒன்றை ஒன்று சோதிக்கும் முறையை டேவிட் வீலர் முன்வைத்தார். கீக்ஸ் என்ற வழங்கல் 2023-இல் இன்னும் அடியிலிருந்து தொடங்கியது. கையால் சரிபார்க்கக்கூடிய 357 பைட் நிரல் ஒன்றிலிருந்து கிளம்பி, படிப்படியாகக் கம்பைலரையும் மற்ற தொகுப்புகளையும் கட்டி எழுப்பினார்கள். இவை எல்லாம் மூலநிரல் கையில் இருந்தால் மட்டுமே சாத்தியம். திறந்த மூலத்தின் சிறப்பு என்று என்னிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மூடிய இயங்குதளத்தின் மீது வைக்கும் நம்பிக்கை எதில் நிற்கிறது என்றும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் நற்பெயர், ஒப்பந்தம், சட்டம், முழுநேரப் பாதுகாப்புக் குழு ஆகியவற்றில் நிற்கிறது. இவை வெறும் சொற்கள் அல்ல. 2003 முதல் மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பேட்ச் வெளியிடும் ஒழுங்கைக் கடைப்பிடித்து வருகிறது. வான்னகிரை பரவியபோது, ஆதரவு முடிந்துபோயிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் பேட்ச் கொடுத்தது. ஒப்பந்ததாரர் நிறுவிவிட்டுப் போன நாளிலிருந்து ஓர் அப்டேட்டும் போடாமல் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வர்களை நான் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். ஒழுங்காகப் பராமரிக்கப்படும் விண்டோஸ் சர்வர் அவற்றைவிடப் பாதுகாப்பானது என்பதில் எனக்கு ஐயமில்லை. 2003-இலேயே தொடங்கிய திட்டத்தின்படி அரசுகள் விண்டோஸ் மூலநிரலைப் பார்க்கவும் மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு செய்தது. பிரஸ்ஸல்ஸ், சிங்கப்பூர், பெய்ஜிங் போன்ற நகரங்களில் அதற்கென மையங்கள் உண்டு. ஆனால் யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது, பார்த்ததில் எதை வெளியே சொல்வது என்பதெல்லாம் நிறுவனம் வகுக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டவை. கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைச் செயலாளர் தான் தேர்ந்தெடுத்த இருவருக்கு மட்டும் காட்டுவது போன்றது அது. அந்த இருவரும் நாணயமானவர்களாகவே இருக்கலாம்; உறுப்பினர்களுக்கு அதனால் எதுவும் உறுதியாவதில்லை.

பொதுமக்களில் ஆயிரத்தில் ஒருவர்கூடச் சி மொழி படிக்கப் போவதில்லை, பிறகு அவர்களுக்கு எதற்கு மூலநிரல் என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் இதிலேயே இருக்கிறது. குடிமகன் தானே படிக்க வேண்டியதில்லை. தயாரித்தவரிடம் சம்பளம் வாங்காத, தயாரித்தவரால் வாயடைக்க முடியாத ஒருவர் எங்கோ படிக்க முடிகிறது என்ற நிலை இருந்தால் போதும். பல்கலைக்கழக ஆய்வாளர், போட்டி நிறுவனத்தின் பொறியாளர், அயல்நாட்டு உளவுத்துறை என்று ஒருவரோடொருவர் நலன் ஒத்துப்போகாத பலர் ஒரே நிரலைப் படிக்கும்போது, எல்லோரும் சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

அரசுகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு: நாளை சேவை நின்றால் என்ன செய்வது? குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்குப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் மீது தடை விதித்ததும், மைக்ரோசாஃப்ட் அதற்கு அளித்துவந்த மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்திவிட்டது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. சில நாட்களில் சேவை திரும்பியது. அது இயங்குதளம் அன்று, இணையம் வழியே நிறுவனத்தின் கணினிகளிலிருந்து வரும் மேகச் சேவை என்பது உண்மை. ஆனால் இன்றைய இயங்குதளங்கள் நாளுக்கு நாள் அத்தகைய சேவைகளோடு பிணைக்கப்பட்டு வருகின்றன. திறந்த மூல உலகமும் அரசியலுக்கு வெளியே இல்லை. 2024 அக்டோபரில், தடைச் சட்டங்களைக் காரணம் காட்டி, ரஷ்யத் தொடர்புள்ள பலரின் பெயர்கள் லினக்ஸ் கெர்னல் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அந்த முடிவு நடந்த விதம் எனக்கு உவப்பாக இல்லை. ஆனாலும் ரஷ்யர்கள் கையில் இருந்த நிரலை யாரும் பறிக்க முடியவில்லை. அவர்கள் அதை எடுத்துத் தாமே தொடர்ந்து பராமரிக்கலாம்.

அப்படித் தாமே பராமரிப்பதற்கு ஆட்கள் வேண்டும். கேரளம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்கே பள்ளிகளுக்கான கைட் நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு மலையாளத்தோடு தன் சொந்த வழங்கலைத் தயாரித்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 2019 வாக்கில் சுமார் 2 லட்சம் பள்ளிக் கணினிகளில் ஓடவிட்டது. மத்திய அரசின் சி-டாக் ஆய்வு நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2000-களின் பிற்பகுதியில் சூசே லினக்ஸுக்கு மாறியதும் நம்மிடையேயும் தொடக்கம் இருந்ததைக் காட்டுகின்றன. தொடர்ச்சிதான் இல்லாமல் போயிற்று. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி முடித்த பிறகும், 2017-இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது.

ஆகவே டெண்டரில் ‘திறந்த மூலம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. நிறுவப்படும் இருமக் கோப்புகள் எந்த மூலநிரலிலிருந்து வந்தவை என்பதைத் துறையே மீண்டும் உருவாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். பாதுகாப்பு அப்டேட்டை எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்ற கெடு வேண்டும். உரிமத் தொகையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு, எக்ஸ்இசட் போன்ற சிறு நூலகங்களைத் தனியாளாகச் சுமப்பவர்களுக்குப் போக வேண்டும். ஜெர்மனி 2022-இல் இதற்கென்றே அரசு நிதி ஒன்றைத் தொடங்கியது. இந்தியா 2015-இலேயே திறந்த மூலத்துக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்திருக்கிறது. அதோடு இத்தகைய நிதியும் சேர்ந்தால்தான் கொள்கைக்குக் கால் முளைக்கும்.

இயங்குதளத்துக்குக் கீழே இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. இன்டெல் செயலிகளோடு வரும் மேலாண்மைப் பொறி என்ற பகுதிக்குள், மினிக்ஸ் என்ற சிறு இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட தனி இயங்குதளமே ஓடுகிறது என்பது 2017-இல் பரவலாகத் தெரியவந்தது. மினிக்ஸை எழுதிய டேனன்பாமே அதைப் பிறகுதான் அறிந்தார். நீங்கள் மேலே டெபியன் வைத்தாலும் அதற்கு அடியில் மூடிய நிரல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியிலும் அடித்தளம் திறந்த மூலம், அதன் மேல் கூகுள் சேர்க்கும் சேவைகள் மூடியவை.

கடைசியாக, வீட்டுக் கணினிக்கு எதை வைப்பது என்ற கேள்வியும் எழும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினி உங்களிடம் இருந்தால், அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் டெபியனோ உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ நிறுவிப் பாருங்கள். உலாவி, கடிதம், கணக்கு, தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றுக்கும் போதுமானது. கணக்காளர் பயன்படுத்தும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்றால், ஆதரவு உள்ள விண்டோஸை அப்டேட்டுகளை நிறுத்தாமல் வைத்திருங்கள். திருட்டு நகல் மட்டும் வேண்டவே வேண்டாம், அதற்குள் யார் எதை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க எந்த வழியும் கிடையாது. லினக்ஸைப் பதிவிறக்குவதானால் அந்தந்த வழங்கலின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். கோப்போடு சேர்த்து ‘ஷா256’ என்ற நீண்ட சரிபார்ப்பு எண்ணையும் அங்கே கொடுத்திருப்பார்கள். பதிவிறக்கிய கோப்புக்கு அந்த எண்ணைக் கணக்கிட்டு, இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு நிறுவுங்கள்.